படத்துக்குப் பின்னால் எழுதிய சிவநாமம்

சிவனை நம்பாமல் ஒரு நாளும் நான் இருந்ததில்லை. ஆனால் அவன் பெயரை எழுதக் கூடாத இடத்தில் எழுதி, ஒரு நல்ல மனிதரை நூறு பேர் முன்னால் தவிக்க விட்டவனும் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் எனக்குப் பாத்திரக்கடை. படிப்பு எட்டாம் வகுப்பு (எட்டாவதிலும் கணக்குப் பாடத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்). எங்கள் சைவ சபை நடத்தும் பெண்கள் விடுதிக்கு நான் செயலாளர். வெளியூர்ப் பிள்ளைகள் அங்கே இலவசமாகத் தங்கிக் கல்லூரிக்குப் போவார்கள். அந்த வருஷம் விடுதிக்கு ஒரு இணையதளம் வைக்க முடிவானது. இடம் கிடைத்தவர்கள் பட்டியலை அதில்தான் முதலில் வெளியிடுவது, பலகையில் பிறகுதான் ஒட்டுவது என்று தீர்மானம்.

இதைக் கேள்விப்பட்டு அம்பாசமுத்திரத்திலிருந்து ஆறுமுகம் போன் செய்தார். அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர், பிறவியிலேயே பார்வை கிடையாது. மகள் செண்பகம் விடுதிக்கு மனுப் போட்டிருந்தாள்.

"அண்ணாச்சி, பேசுத கம்ப்யூட்டர் இருக்குல்லா, திரையில இருக்கத வாசிக்கும். சென்னையில படிச்சுட்டு வந்திருக்கேன். அதுக்குத் தோதாப் போடச் சொல்லுங்க. எம்மவ பிளஸ் டூ மார்க்கப் பக்கத்து வீட்டுக்காரன்தான் வாசிச்சான். எனக்குச் சொல்லுததுக்கு முன்னால தெருவுக்கே சொல்லிட்டான். இந்தத் தடவை நானாத் தெரிஞ்சுக்கிடணும்."

நான் உருகிப்போனேன். தளத் திறப்பு விழா அழைப்பிதழிலேயே 'பார்வையற்றோரும் படிக்கலாம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்துவிட்டேன்.

தளம் செய்தவர் பிரௌசிங் சென்டர் ஜெபராஜ். தமிழ் எழுத்து மற்ற கம்ப்யூட்டர்களில் புழு ஊர்வதுபோல் தெரிகிறது என்று எல்லாவற்றையும் படமாகவே மாற்றியிருந்தார். பட்டியலில்கூட ஒவ்வொரு பெயரும் ஒரு படம்.

"அண்ணாச்சி, பேசுத கம்ப்யூட்டருக்குப் படம் தெரியாது. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால எழுதுததுக்கு ஒரு இடம் இருக்கு. நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா எழுதியே ஆகணும். என்ன எழுதட்டும்?"

'புரியவில்லை' என்று சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் நா எழாது. தலையைப் பலமாக ஆட்டினேன். கண்ணுக்குத் தெரியாத இடம், ஆனால் எழுதியே ஆக வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட இடத்தில் எழுதுவது ஒன்றே ஒன்றுதான். புது வீட்டு நிலைக்கு அடியில் வைக்கும் செப்புத் தகட்டில் நாங்கள் என்ன எழுதுவோம்?

"ஓம் நமசிவாய. எல்லாத்துக்கும் அதையே போட்டுரும்வே."

பேசும் கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராது என்று ஜெபராஜ் அதை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துவிட்டார். (பிற்பாடு கேட்டதற்கு, "உங்க சாமி சமாச்சாரம், நான் சர்ச்சுக்குப் போறவன். வேண்டாம்னா நல்லாவா இருக்கும்?" என்றார். அவரும் பாவம்.)

விழா காலை பத்து மணிக்கு. சபை மண்டபத்தில் கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தோம். ஆறுமுகம் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து உட்கார்ந்து பொத்தான்களைத் தடவினார். ஒலிபெருக்கியில் ஒரு வெள்ளைக்காரக் குரல் எழுந்தது.

"கிராபிக். ஓம் நமா ஷிவாயா."

கூட்டம் சிலிர்த்துப் போனது. அவர் அடுத்ததைத் தட்டினார். "கிராபிக். ஓம் நமா ஷிவாயா." அடுத்தது, அடுத்தது, எல்லாம் அதேதான். முன்வரிசைப் பெண்கள் கைகூப்பினார்கள். ஒருவர் 'நமச்சிவாய' என்று எடுத்துக்கொடுக்க, மண்டபமே சேர்ந்து முழங்கியது. யாரோ தேங்காய் உடைத்தார்கள். நானும் கண்ணீர் மல்க நின்றேன், ஆறுமுகத்தின் முகத்தைப் பார்க்கிறவரை. அவர் வேர்த்து விறுவிறுத்து, பட்டியல் பக்கத்தில் மேலும் கீழுமாக மகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி," என்றார் பைய, "சாமி பேரு நெறைய இருக்கு. பிள்ளைக பேரு ஒண்ணையும் காணல."

படத்துக்குப் பின்னால் எழுதியதைத்தான் அந்தக் குரல் வாசிக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் முன்வரிசைக்காரர் ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "என்ன பேரு வே, நான் வாசிக்கேன்" என்று திரைப்பக்கம் குனிந்தார். நான் பாய்ந்து என் தோள் துண்டை மானிட்டர் மேல் போட்டு மூடினேன். (அதுவும் பூஜையில் சேர்த்தி என்று நினைத்து இரண்டு பேர் துண்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.)

செயலாளரான எனக்குப் பட்டியல் மூன்று நாளாகவே தெரியும். ஆறுமுகத்தின் காதருகே குனிந்தேன். "நான் சொல்லிரட்டுமா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க சொன்னா, இதுவும் இன்னொருத்தர் வாசிச்சுச் சொன்னதாத்தானே ஆகும்? சரி பண்ணுங்க. நான் இருக்கேன்."

மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. என் மனைவி சொர்ணம் ரசம் ஊற்றிக்கொண்டே, "பிள்ளைக்கு இடம் கிடைச்சிருமா அண்ணே?" என்று கேட்டாள். "அவன் சித்தம், அம்மா" என்றார் அவர். சொர்ணம் என்னைப் பார்த்தாள். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

அவரை வீட்டில் விட்டுவிட்டு ஜெபராஜிடம் ஓடினேன். அவர் இடம் காட்ட, நான் ஒற்றை விரலால் ஒவ்வொரு சிவநாமமாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் மன்னிப்புக் கேட்டேன். அந்த இடத்தில் ஒரு பிள்ளையின் பெயரும் ஊரும். நாற்பத்தொரு படம் முடியச் சாயங்காலம் ஐந்து மணி.

ஆறுமுகத்தைச் சென்டருக்குக் கூட்டிவந்து பேசும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் தெருவில் போய் நின்றோம். கண்ணாடிக் கதவு வழியே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. விரல் தட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. திரும்ப அதையே தட்டினார். மறுபடியும் தட்டினார். அப்புறம் தோள் குலுங்கியது. பயந்துபோய்க் கதவைத் திறந்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், கன்னமெல்லாம் ஈரம்.

"வெள்ளக்காரன் எம்மவளச் 'செண்பாகேம்'ங்கான் அண்ணாச்சி! யாருட்டயும் சொல்லிராதீங்க. நான் போய்ச் சொல்லுதேன்."

அடுத்த பஸ் பிடித்துப் போய் அவரே சொன்னார். பலகையில் மறுநாள்தான் ஒட்டினேன். அதைப் பார்த்துவிட்டுச் சொர்ணம் வீட்டு வாசலில் என்னை மறித்தாள்.

"அந்த மனுசன் சோறு இறங்காம உக்காந்திருந்தாரே, அப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"மூணு நாளாத் தெரியும்."

அன்றோடு போனது அவளுக்கு என் மேலிருந்த நம்பிக்கை. இன்றைக்கும் பேரன் பிறந்தான், பேத்திக்கு வேலை கிடைத்தது என்று நான் ஓடிவந்து சொன்னால், அவள் சந்தோஷப்படுவதற்கு முன்னால் இடுப்பில் கைவைத்துக் கேட்பாள்:

"இது உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்?"