பிரின்ஸின் வாயில் என் கை

பயந்தவர்கள்தான் அதிகம் பேசுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரோட்டத்துக்கு முதல் நாள் நான் வாய் ஓயாமல் பேசினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். கால்நடை டாக்டராகி எட்டு மாதம். தினமும் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கால்நடை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் வந்து மாடுகளையும் ஆடுகளையும் பார்ப்பேன். கூட்டத்தைக் கட்டுப்படுத்த வந்திருந்த போலீஸ் குதிரைகளில் ஒன்றை அன்று ஏட்டு ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்.

"டாக்டரம்மா, பிரின்ஸ் ரெண்டு நாளா புல்லை மென்னு மென்னு துப்புதான். கடிவாளம் மாட்ட விடமாட்டேங்கான். நாளைக்குத் தேருக்கு முன்னாடி நிக்கலைன்னா இவனைப் படையில இருந்தே கழிச்சு விட்ருவாவ" என்றார். அவர் கை குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.

"இதென்ன பிரமாதம்? பல்தான். எத்தனை பார்த்திருப்பேன்!" என்றேன். (பார்த்ததெல்லாம் மாட்டுப் பல்.)

மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. முன்பக்கமாகவே நுழைந்து மருந்து ஊட்டிப் பழகியது என் கை. நான் யோசிப்பதற்குள் குதிரையின் வாய்க்குள் போய்விட்டது. பிரின்ஸ் வாயை மூடினான். மேலே ஆறு, கீழே ஆறு, நடுவில் என் மணிக்கட்டு.

"அய்யோ, எங்கம்மா!" என்று நான் போட்ட கூச்சல் தேரடி வரை கேட்டிருக்கும். ஆட்டைக் கொண்டுவந்த பெண்கள் ஆட்டை விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தார்கள்.

"இழுக்காதிய! அவன் கடிக்கலை, புடிச்சுத்தான் வச்சிருக்கான். செத்த நேரம் பேசாம நில்லுங்க" என்றார் ஏட்டு.

பேசாமல் நின்றேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. எலும்பை நொறுக்கக்கூடிய அந்தத் தாடை, பச்சைப்பிள்ளையைப் பிடிப்பதுபோல் என் கையைப் பிடித்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கையில் ஒரு கீறல்கூட இல்லை, பச்சை எச்சில் மட்டும்.

பிறகுதான் படித்தது ஞாபகம் வந்தது. பக்கவாட்டில், முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி வழியாகக் கையை விட்டு, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்தேன். மேல் கடைவாய்ப்பல்லின் ஓரம் கத்திபோல் வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. போலீஸார் பெட்டியில் நீளமான பல் அரம் இருந்தது. அரை மணி நேரம் ராவினேன். அவ்வளவு நேரமும் அவன் ஏட்டின் தோளில் தலையைச் சாய்த்து நின்றான். அதன் பின் புல்லை வைத்ததும், நறநறவென்று மென்று விழுங்கினான். ஏட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

மறுநாள் தேர் அசைந்ததும் கூட்டம் முண்டியடித்தது. வேட்டுச் சத்தத்துக்கு நடுவே பிரின்ஸ் பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து அத்தனை ஜனத்தையும் ஒதுக்கினான். ஒருவர் காலைக்கூட மிதிக்கவில்லை. நான் கும்பிட்டது தேரையா குதிரையையா என்று எனக்கே தெரியாது. ஆண்டாள் மன்னிப்பாள்.

எங்கள் ஆஸ்பத்திரி உதவியாளர் புண்ணியத்தில் இந்தக் கதை ராஜபாளையம் வரை போய், கல்யாணத்துக்கு முன்பே என் வீட்டுக்காரர் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. இன்றும் நான் யாரிடமாவது சண்டைக்குக் கிளம்பினால் அவர் வாசல் வரை வந்து சொல்வார்: "டாக்டரம்மா, சைடு வழியாப் போங்க. எல்லாரும் போலீஸ்ல டிரெய்னிங் எடுத்தவங்க இல்லை, கடிச்சிருவாங்க."