நலம் விரும்பும் கழுகு

மனிதன் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் அன்பைச் சொல்வதற்காகவே பறவைகள் படைக்கப்பட்டன. பறப்பதும் முட்டையிடுவதும் அவற்றின் உபதொழில்கள். இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தது ஒரு வாழ்த்து அட்டைக் கம்பெனி. அந்தக் காலத்துப் பறவை நூல்களில் ஓவியர்கள் இறகு இறகாக வரைந்துவைத்த படங்களை எடுத்து, அடியில் ஒரு வரி வாழ்த்துப் போட்டு விற்பதே அதன் திருப்பணி. பிறந்தநாளுக்குக் கிளி, திருமணத்துக்கு மயில். ‘விரைவில் நலம் பெறுக’ அட்டைக்கு மட்டும் மேலாளரே தம் திருக்கரத்தால் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். மொட்டைத் தலை, மடிப்பு விழுந்த கழுத்து, எதையோ எதிர்பார்க்கும் கண். பிணந்தின்னிக் கழுகு.

“சார், இது பிணம் தின்னுமே” என்று தலையைச் சொறிந்தார் கிடங்குக்காரர்.

“கலையைப் பாருய்யா. அது என்ன சாப்பிட்டா உனக்கென்ன?”

கடைக்காரர்கள் கலையைப் பார்க்கவில்லை. கிளியும் மயிலும் விற்றுப் பறந்தன. கழுகு மட்டும் கிடங்கில் கூரை முட்டக் குந்தியிருந்தது.

இந்த நேரம் பார்த்து மேலாளருக்கு நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி கேட்டுத் துணை மேலாளர் துடித்துப்போனார். மேலாளரின் நாற்காலியைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனிதர் அவர். அது காலியாகக் கிடப்பதைக் காணச் சகியாமல், துடித்துக்கொண்டே போய்த் தாமே அதில் உட்கார்ந்தார். கால் தரைக்கு எட்டவில்லை. நாற்காலியின் உயரத்தைக் குறைத்துக்கொண்டு, அவசரக் கூட்டம் கூட்டினார்.

“நம்ம ஆளுங்க வேற கம்பெனி அட்டை வாங்கினா துரோகம்னு சார் சொல்லியிருக்காரு. அதனால ஆளுக்கொரு கழுகு அனுப்புங்க.”

“கிளி அனுப்பலாமா சார்? பாக்க லட்சணமா இருக்கும்” என்றார் தட்டச்சுக்காரம்மா.

“கிளி பிறந்தநாளுக்கும்மா. சார் இப்ப பிறக்கவா போறாரு?”

“அப்ப கழுகு எதுக்கு சார் வரும்?”

கூட்டம் இத்துடன் இனிதே நிறைவுற்றது.

இரண்டொரு நாள் கழித்து, ஆரஞ்சுப் பழப் பையோடு துணை மேலாளர் ஆஸ்பத்திரிக்குப் போனார். நர்ஸம்மா ரசனை உள்ளவர். வந்த அட்டைகளையெல்லாம் ஜன்னலிலும் மருந்து மேஜையிலும் வரிசையாக நிறுத்திவைத்திருந்தார். அத்தனை கழுகும் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தன. பக்கத்துக் கட்டில்காரர் வேறு அறை கேட்டு மன்றாடிக்கொண்டிருந்தார்.

“டாக்டர் என்ன சொல்றாரு சார்?” துணை மேலாளரின் குரல் தழுதழுத்தது.

“பயப்பட ஒண்ணுமில்லையாம். திங்கக்கிழமையே ஆபீசுக்குப் போகலாமாம்.”

துணை மேலாளரின் கண்ணில் நிஜமாகவே நீர் கோத்துக்கொண்டது. மேலாளரைப் பார்க்க வந்தவர்களில் மனமார அழுதவர் அவர் ஒருவர்தான்.

“அவசரப்படாதீங்க சார். உடம்புதானே முக்கியம்? வேற டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்.”

“காலைல ஆபீசுல என் ரூமுக்குப் போன் பண்ணேன். ‘மேனேஜர் பேசறேன்’னு ஒரு குரல் கேட்டுது. அப்ப இங்க படுத்திருக்கறது யாருன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.”

துணை மேலாளர் பழப்பையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அது அவிழவில்லை.

மேலாளர் மேஜையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வாஞ்சையோடு தடவிப் பார்த்தார்.

“இந்தப் பறவையை நான் ஏன் எடுத்தேன் தெரியுமா? பொறுமைய்யா, பொறுமை! உசிரு போற வரைக்கும் கிட்ட வராது. எனக்கு முன்னாடி இருந்த மேனேஜர் இதே ஆஸ்பத்திரியிலதான் கிடந்தாரு. நானும் பழத்தோட தினம் வந்து நின்னேன். அவரு மூச்சு அடங்கற வரைக்கும் அந்த நாற்காலியை விரலால தொட்டிருப்பேனா?”

அட்டையைத் துணை மேலாளரின் மடியில் விட்டெறிந்தார்.

“கழுகு அனுப்பறதுக்கும் ஒரு யோக்கியதை வேணும்யா!”