முன்னறை விமானம்

"மறுபடியும் நின்னுடுத்தா?" என்றாள் அன்னபூர்ணி.

"நிக்கலை. மூச்சு வாங்கறது," என்றார் யக்ஞநாராயணன், மனைவியைத் திரும்பிப் பாராமலே.

முன்னறை மேஜையில் அவருடைய பொம்மை விமானம் வீற்றிருந்தது. எஞ்சின் கிர்ரென்று கிளம்பும்; எண்ணெய் வராமல் உடனே அடங்கிவிடும். ரயில்வேயில் நிஜ எஞ்சின்களையே அதட்டி ஓட்டியவர் என்று தம்மைப் பற்றி அவருக்கு ஓர் எண்ணம். அந்தத் திமிரில்தான், "விஜயதசமி சாயங்காலத்துக்குள்ள இது பறக்கலைன்னா இந்த ரூம் உன் வீணை கிளாஸுக்கு!" என்று சவால் விட்டிருந்தார். இன்று விஜயதசமி. மைசூரே யானை ஊர்வலம் பார்க்கப் போயிருந்தது.

எண்ணெயை அளந்துவிடும் திருகை இன்னும் திறந்தார். எஞ்சின் அவர் மூக்குக்கண்ணாடியில் எண்ணெயைத் துப்பியது.

"எரிபொருள்ல சேர்க்கற விளக்கெண்ணெய்ல கலப்படம்! மண்டி மொஹல்லா கடைக்காரன் ஏமாத்திட்டான்!"

"அவனா வந்து திருகினான்?"

"உனக்கென்ன தெரியும்?"

குழாயில்தான் கோளாறு என்று அதை வெட்டிப் புதிதாகச் செருகினார். அது குட்டையாகப் போய், பிடுங்கிக்கொண்டு புது வேஷ்டியை நனைத்தது. பிறகு எண்ணெயும் காற்றும் கலக்கிற பாகத்தையே கழற்றினார். உள்ளேயிருந்த ஸ்பிரிங் துள்ளி பீரோவுக்கடியில் போனது. மேதை தரையில் குப்புறப் படுத்துத் துழாவினார்.

"டேங்கைத்தான் ஒரு தடவை பாருங்கோளேன்," என்றாள் அன்னபூர்ணி.

"அதுல பார்க்க என்னடீ இருக்கு? வெறும் டப்பா! நீ போய் உன் சாம்பார்ப்பொடி டப்பாவைப் பாரு!"

டேங்க் மூடியில் நேற்றைய ஆயுத பூஜைச் சந்தனம், நடுவில் குங்குமத்தோடு, நன்றாகக் காய்ந்திருந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பொழுது சாய்ந்தது. விமானத்தையும் விறைத்த முகத்தையும் தூக்கிக்கொண்டு யக்ஞநாராயணன் மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்கு ஏறினார். "எஞ்சின் தயாரிப்பே சரியில்லை," என்பது அவருடைய தீர்ப்பு.

எல்லாவற்றையும் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பிரதிபா தன் வீணையோடு முன்னறைக்கு வந்தாள். இடம் பிடித்து உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"மாமி, டேங்குக்குள்ள காத்து போனாத்தானே எண்ணெய் வெளியே வரும்? அந்தக் காத்து போற ஓட்டை மேலதானே சந்தனத்தை அப்பினீங்க? அப்புறம் நீங்களே எதுக்கு டேங்கைப் பாருங்கன்னு சொன்னீங்க? பார்த்திருந்தா?"

"நான் சொன்ன இடத்தை அவர் பார்க்கவே மாட்டார்டீ. அதனாலதான் சொன்னேன்."