கனம் ஸ்கட் ஐயா அவர்களுக்கு

விபோர்க், டென்மார்க்

பெருமதிப்புக்குரிய ஸ்கட் ஐயா அவர்களுக்கு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலிருந்து மச்சான் வீட்டுக்கு விருந்தாளியாய் வந்திருக்கும் மரியரட்ணம் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் குடும்பத்தாரும் நோய்நொடி அணுகாமல் வாழ மாதாவை மன்றாடுகிறேன். அணுகினாலும் தங்களுக்கென்ன, இந்த நாட்டில் அதற்கும் தாங்களே பொறுப்பு என்கிறார்கள். எனக்கு டெனிஷ் தெரியாது. மச்சானின் மகள் அஜந்தினி இதை மொழிபெயர்த்துத் தருவாள்.

ஐயா, என் மனைவியின் அண்ணன் அந்தோனிதாசனுக்குப் பித்தப்பையில் கல். போன கிழமை ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். நான் அமெரிக்கப் பழக்கத்தில் கிரெடிட் கார்டுகளைப் பொறுக்கிக்கொண்டு, காசு கட்டும் யன்னலைத் தேடி ஆஸ்பத்திரி முழுக்க ஏறி இறங்கினேன். ஒரு யன்னலைக் கண்டு வரிசையில் நின்றால், அது கோப்பிக்கடை. திரும்பி வந்து, மயக்கம் தெளிஞ்சும் தெளியாமலும் கிடந்த மச்சானிட்டை "காசு ஆர் கட்டினது?" எண்டு கேட்டன். "ஸ்கட்" எண்டார். கட்டிலுக்கு? ஸ்கட். சாப்பாட்டுக்கு? ஸ்கட். "அஜந்தினியின்ரை படிப்புக்கு?" "அதுவும் ஸ்கட்தான் ஐசே, என்னை நித்திரை கொள்ள விடும்" எண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திட்டார். அப்ப ஒரு நேர்ஸ் பிள்ளை வந்து தலையணையைச் சரிபண்ணி, அவ்வளவு அன்பா "ஸ்கட்" எண்டு சொல்லி அவரின்ரை கையைத் தடவினா. தங்கடை பேரைக் கேட்டதும் மனிசன் சிரிச்சார். எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

ஆனா ஒண்டு. தங்களுக்கு எதிரிகள் இருக்கினம், அதுவும் இந்த வீட்டுக்குள்ளையே. மச்சானின்ரை மனிசி பவளராணி குசினிக்குள்ளை நிண்டு, "ஸ்கட் எங்கடை சம்பளத்திலை பாதியைத் தின்னுது" எண்டு பொரிஞ்சு தள்ளினா. ஒரு பெரிய மனிசனைத் 'தின்னுது' எண்டு கதைக்கிறதோ? எண்டாலும் அவ புருசனையே "அது இன்னும் எழும்பேல்லை" எண்டுதான் சொல்லுறவ. அதாலை நான் பெரிசுபடுத்தேல்லை.

இனி விசயத்துக்கு வாறன். என்ரை மனிசி யசிந்தாவுக்கும் அதே கல். அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் அதிலையும் ஒற்றுமை. எங்கடை இன்சூரன்சுக்கு அரசாங்கம் குடுத்த உதவி போன வருசத்தோடை நிண்டுபோச்சு. மாதக் கட்டணம் வீட்டு வாடகையைத் தாண்டிவிட, இன்சூரன்சையே விட்டிட்டம். வலி வந்தால் யசிந்தா சுடுதண்ணிப் போத்தலோடை குளியலறைக்குள்ளை போய்ப் பூட்டிக்கொண்டு, எனக்குக் கேக்கக்கூடாது எண்டு பைப்பைத் திறந்துவிடுவா. எனக்குக் கேக்குது ஐயா. ஆர் பொறுப்பு எண்டு எங்கடை அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரின்ரை கந்தோருக்குப் போன் அடிச்சால், மற்றக் கட்சியைக் கேளுங்கோ எண்டினம். மற்றக் கட்சிக்கு அடிச்சால், அவையைக் கேளுங்கோ எண்டு சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டினம். இஞ்சை டென்மார்க்கிலை எதைக் கேட்டாலும் எல்லாரும் ஒரே ஆளின்ரை பேரைச் சொல்லுகினம். என்ன அருமையான நாடு!

ஆகையால், வாற தேர்தலிலை தாங்கள் எங்கடை ஊரிலை வந்து நிக்கவேணும். எங்கடை வீட்டிலை தங்கலாம். யசிந்தா நண்டுக்கறி வைப்பா. வீடுவீடாய் ஏறி இறங்க நான் இருக்கிறன்.

தங்கள் கை என்றும் சுருங்காதிருக்க வேண்டி,
தங்களை இன்னும் நேரில் காணாத
மரியரட்ணம்

பி.கு.: அஜந்தினி பாதி வாசிக்கும்போதே நிலத்திலை இருந்து சிரிச்சாள். ஸ்கட் எண்டால் வரியாம். 'செல்லம்' எண்டு கூப்பிடவும் இந்த டெனிஷ்காரருக்கு அதே சொல்லாம். நேர்ஸ் கூப்பிட்டது மச்சானைத்தான். (பவளராணிக்கு இன்னும் தெரியாது.) அப்ப காசு கட்டினது மச்சானும் மச்சாளும் அந்த நேர்சும் கோப்பிக்கடைக்காரனும்தான். அதை ஆஸ்பத்திரிக்குக் குடுத்தது, இவையள் வோட்டுப் போட்டு அனுப்பின ஆக்கள். "அமெரிக்காவிலை நீங்கள் ஸ்கட் கட்டுறேல்லையோ மாமா?" எண்டு பிள்ளை கேட்டாள். கட்டுறன். போய் இறங்கின காலத்திலை இருந்து ஒரு வருசமும் பிசகாமல் கட்டுறன். ஆகவே மேலே ஸ்கட் ஐயாவை வெட்டிவிட்டு, எங்கடை காங்கிரஸ் உறுப்பினரின்ரை பெயரை எழுதியிருக்கிறன். அதாலை புகழ்ச்சி எல்லாத்தையும் வெட்டவேண்டியதாப் போச்சு, நண்டுக்கறியும் சேர்த்து. யசிந்தாவின்ரை வலி மட்டும் எழுதினபடியே இருக்குது.