மேனேஜரின் வயிறும் என் சிவப்புப் பேனாவும்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. உன் முயல் உயிரோடு இருக்கிறது. நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே இதை எழுதிவிடச் சொன்னது உன் அண்ணி. இனி முறைப்படி ஆரம்பிக்கிறேன்: நீயும் உன் பயிற்சி வகுப்பும் சௌக்கியம்தானே? விடுதிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா? இங்கே மூன்று பேருக்கும் ஒத்துக்கொள்கிறது, நேற்று மாலை நாலே காலிலிருந்து.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ நடுநடுவே கத்துவாய், நானும் பதறிப்போய் செய்யாததை எல்லாம் சேர்த்து ஒப்புக்கொள்வேன். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது.

மேனேஜர் என்று நீ வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம்! உட்கார்ந்த இடத்திலிருந்து எங்களை மேலும் கீழும் பார்க்கிறது, ஒரு வேலையும் செய்வதில்லை. அதை நீ கூண்டோடு விட்டுப்போன அன்றே, கூடவே தந்த குறிப்புத் தாளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஒட்டியதும் படித்தேன். படித்ததும் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. முப்பத்து நாலு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான், எழுத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா, நீயே சொல்! 'காய்ந்த புல் எவ்வளவு வேண்டுமானாலும், தீனி உருண்டை நாளுக்கு இரண்டே கரண்டி' என்று எழுதியிருந்தாய். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு யாராவது புல்லை அள்ளி வைத்துச் சோற்றை அளந்து போடுவார்களா? அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாள் என்று நினைத்து, 'புல் இரண்டே கரண்டி, தீனி எவ்வளவு வேண்டுமானாலும்' என்று திருத்தினேன். அடுத்த வரி இன்னும் மோசம். 'மெத்தென்று கொத்தாக வரும் புழுக்கையைத் தானே தின்னும், தடுக்காதே' என்று இருந்தது. படித்த பெண் எழுதுகிற எழுத்தா இது? 'கட்டாயம் தடு' என்று மாற்றினேன். கடைசி வரி, 'அரை நாள் சாப்பிடாமல் இருந்தால் உடனே டாக்டரிடம் ஓடு.' நான்கூட அரை நாள் பசியில்லாமல் இருப்பதுண்டு, எந்த டாக்டரும் என்னைத் தேடி ஓடிவந்ததில்லை. 'மூன்று நாள்' என்று போட்டேன்.

பிறகு எட்டு நாள் நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. தீனியைக் கிண்ணம் நிறையக் கொட்டினேன், மேனேஜர் மூக்கை ஆட்டி ஆட்டித் தின்றது. அது குனிந்து தன் வாலுக்குக் கீழே வாயைக் கொண்டுபோகும்போதெல்லாம் நான் கையைத் தட்டி 'சீச்சீ' என்று விரட்டி, கையுறை போட்டுக்கொண்டு அந்தக் கொத்தை எடுத்து எறிந்தேன். என் கண்காணிப்பை எண்ணி எனக்கே பெருமையாக இருந்தது. உன்னிடம் போனில் 'பிரமாதமாக இருக்கிறது' என்று சொன்னது இந்தக் காலத்தில்தான்.

முந்தாநாள் காலை கூண்டைத் திறந்தால், கிண்ணம் வைத்தபடியே இருக்கிறது. கூண்டின் அடித்தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. மேனேஜர் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. வயிற்றைத் தொட்டேன், கல் மாதிரி இருந்தது. ஆனாலும் தாளைப் பார்த்து, "இன்னும் மூணு நாள் இருக்கு" என்றேன்.

உன் அண்ணி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளுக்கு முன்னால் போய் நின்றாள். "ஏங்க, சிவப்புக்கு அடியில கருப்புல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு நல்லாவே தெரியுது. இது உங்க தங்கச்சி முயலா, உங்க அச்சாபீஸ் முயலா? கிளம்புங்க!" என்றாள். தாளைக் கதவிலிருந்து பிய்த்துக்கொண்டு நானும், மேனேஜரைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவளும் ஓடினோம். ஓடும்போது நான் போட்டிருந்தது அவள் செருப்பு.

டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் கெட்டிக்காரி. வயிற்றை அழுத்திப் பார்த்து, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு, படமும் எடுத்தார். "குடல் ஓட்டம் நின்னுபோச்சு, உள்ள வாயு அடைச்சிருக்கு. முயலுக்கு வாந்தி எடுக்கவே வராது சார். உள்ள போனது முன்னால போயே ஆகணும். இன்னும் ஒரு நாள் தாமதிச்சிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. என்ன சாப்பாடு கொடுத்தீங்க?" என்றார். நான் நெஞ்சை நிமிர்த்தி உன் தாளை நீட்டினேன். அவர் ஒரு தடவை படித்தார். மறுபடி படித்தார். "இந்தச் சிவப்பு யாரோடது?" என்று கேட்டார். உன் அண்ணி கூரையைப் பார்த்தாள். நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடத்தில் தூக்குவதைப் போல.

"புல்லோட நார்தான் சார் இதோட குடலை ஓட வைக்குது. அந்த மெத்துப் புழுக்கை இதுக்கு ரெண்டாம் பந்தி. முதல் தடவை செரிக்காத சத்தெல்லாம் அதுலதான் இருக்கு. எழுதினவங்க ஒரு வார்த்தைகூடத் தப்பா எழுதல" என்றார். எனக்குத் தரை பிளக்காதா என்றிருந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் பிழையே இல்லாத ஒரு பக்கம் என் கைக்கு வந்தது அன்றுதான், அதையும் நான் விட்டுவைக்கவில்லை.

வலிக்கு ஊசி போட்டார்கள், தோலுக்கடியில் நீர் ஏற்றினார்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் நார்க்கூழை எடுத்து, கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விடக் கற்றுக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மேனேஜர் வாயில் போனது பாதி, என் சட்டையில் போனது பாதி. நான் தட்டுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அண்ணி குளிக்கச் சொன்னாள், போகவில்லை. அது செத்துப்போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று ஒரே நினைப்பு. கொஞ்சம் அழுதேன், யாரிடமும் சொல்லாதே.

நேற்று மாலை நாலே கால். டொக்! ஒன்றே ஒன்று. மிளகைவிடச் சிறியது, கோணல் மாணலானது. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகான பொருளைப் பார்த்ததில்லை! "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் உன் அண்ணி குழாயை மூடாமல் ஓடிவந்தாள், மாடி வீட்டுக்காரர் துண்டோடு இறங்கிவந்து, "என்ன சார், ரிசல்ட்டா? பாஸா?" என்று கேட்டார். பாஸ் என்றேன். தட்டைக் காட்டினேன். மனிதர் இப்போது எங்களிடம் பேசுவதில்லை. அதற்குள் இரண்டு, ஐந்து, பிறகு எண்ண முடியவில்லை. மேனேஜர் புல்லில் தலையை விட்டு நறுக் நறுக்கென்று மெல்லத் தொடங்கிவிட்டது.

ஆகவே தங்கையே, மன்னித்துவிடு. மேனேஜர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன்: இனி என் ஆயுளில் பிறர் எழுதியதில் குறை காண மாட்டேன், எழுதியது எழுதியபடியே செய்வேன். நீ படிப்பை நல்லபடியாக முடித்து, கைகால் சுகத்தோடு வந்து சேர எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட உன் அண்ணன்

பின்குறிப்பு: மேலே உள்ள சத்தியத்தை அடித்துவிடு. இன்று காலை மறுபரிசோதனைக்குப் போனபோது புதுத் தாள் ஒன்று கொடுத்தார்கள். 'மருந்து ஐந்து மில்லி. வேகவைத்த இறைச்சிக்குள் ஒளித்துவைத்துக் கொடுக்கவும். பிறகு அரை மணி நேரம் ஓட விடவும்' என்று இருந்தது. நான்தான் குறையே காணாதவன் ஆயிற்றே, பையை எடுத்துக்கொண்டு இறைச்சிக் கடை வரிசையில் போய் நின்றுவிட்டேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது கை தானாக மறுபடி சட்டைப்பைப் பேனாவுக்குப் போயிற்று. தாங்கவில்லை, வரிசையிலிருந்தே டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். "ஐயோ, கொடுத்துட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "தப்பிச்சோம் சார்! அது முப்பது கிலோ நாயோட தாள், மாறிப்போச்சு. அஞ்சு மில்லி உள்ள போயிருந்தா உங்க முயல் பிழைச்சிருக்காது. இனிமே நான் கொடுக்கிற தாள் எல்லாத்தையும் நீங்க ஒருதரம் படிச்சிடுங்க" என்றார். கேட்டுக்கொள், டாக்டரே சொன்னது! மேனேஜருக்கு எழுதிய தாள் மாறிப் போய்ச் சேர்ந்த அந்த நாய்க்காரர் பாவம், எதையும் திருத்தாத நல்ல மனிதர். காலையிலிருந்து நாய் முன்னால் ஒரு கட்டுப் புல்லை வைத்துக்கொண்டு, 'தின்னுடா ராஜா' என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாராம்.