ஆருக்கு அக்காவும் குகதாசன் வீட்டுக் குழாயும்

என்னை வேலையிலிருந்து துரத்துவதற்கென்றே ஒரு பெண்ணை வெளியிலிருந்து பிடித்து வந்திருக்கிறார்கள் என்று ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், நான் முழுசாக நம்பினேன். நம்பியதோடு நிற்காமல், தினமும் மேசையிலிருந்து ஒரு பொருளைப் பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதல் நாள் சுடுதண்ணீர்ப் போத்தல். அடுத்த நாள் குளிர்ச்சட்டை. பிறகு இருமல் மருந்து, மூக்குக்கண்ணாடிக் கூடு, யாரோ கல்யாணத்தில் கொடுத்த பேனா. துரத்துகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் நடக்கக்கூடாது, கையை வீசிக்கொண்டு போகவேண்டும் என்பது திட்டம். கடைசியில் மேசையில் மிஞ்சியது ஒரு கள்ளிச்செடி மட்டும். டிராமில் அது பக்கத்தில் நிற்பவரைக் குத்தும் என்பதால் விட்டு வைத்தேன்.

நான் இருபத்திரண்டு வருடமாக ஜேர்மனியின் ஹனோவரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் இருக்கிறேன். வீட்டில் குழாய் வெடித்து சாமான் நாசமானால், சைக்கிள் களவு போனால், சனம் எங்களுக்கு எழுதும். நட்டஈடு கொடுக்கலாமா, கொடுக்கக்கூடாதா என்று முடிவு செய்வது என் வேலை. அந்த வேலையைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பழைய கோப்புகளை எல்லாம் தின்று வளர்ந்த ஒரு செயற்கை நுண்ணறிவு. கோப்பைப் பார்த்து நிறம் சொல்லும். பச்சை என்றால் கொடுக்கலாம். சிவப்பு என்றால் ஆள் பொய் சொல்கிறார். மஞ்சள் கிடையாது, தயங்குவதற்கு அதை யாரும் பழக்கவில்லை.

இந்த இயந்திரம் சனத்தை நியாயமாக நடத்துகிறதா என்று பார்க்கத்தான் அந்தப் பெண் வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அகதியாக வந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழை ஜேர்மன்காரரின் ஒழுங்கோடு பேசுவார். ஒரு சொல்லும் வரிசை தப்பாது. ‘பொறுப்பான செயற்கை நுண்ணறிவு, தரவு ஆலோசகர்’ என்று அவருடைய அட்டையில் போட்டிருந்தது. பொறுப்பான என்ற சொல்லைக் கண்டதுமே, பொறுப்பில்லாத நான் சுடுதண்ணீர்ப் போத்தலைப் பைக்குள் போட்டேன்.

அவருக்கு ஒரு வியாதி இருந்தது. யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான் திரும்பி வரும். எங்கள் பகுதித் தலைவர் கதவு நிலையில் தலை இடிக்கும் உயரம், நெட்டையர் என்பேன். அவர் முதல் நாளே பெருமையாக, “எங்கள் இயந்திரம் மிக நன்றாக வேலை செய்கிறது” என்றார்.

“யாருக்கு?” என்று ஜேர்மனில் கேட்டார் இவர்.

கோப்பி நல்லது என்றாலும் யாருக்கு, மின்தூக்கி வேகம் என்றாலும் யாருக்கு. இரண்டாம் கிழமை கட்டடமே பயந்து, அவர் வரும்போது வானிலையைப் பற்றிக்கூடப் பேசாமல் நின்றது. யாருக்கு என்பது எங்கள் ஊர்ப் பேச்சில் ஆருக்கு; நான் அவருக்கு ஆருக்கு அக்கா என்று பெயர் வைத்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்தான். ஆனால் பயம் வந்துவிட்டால் எனக்கு எல்லாரும் அக்காதான்.

என் பயத்துக்கு வேர் இருந்தது. வீட்டுக் காப்புறுதி ஒரு குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பது ஜேர்மன்காரரின் கணக்கு. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரைத்தான் பின்னால் போடுகிறோம். புருசனுக்கு ஒன்று, மனைவிக்கு வேறொன்று, பிள்ளைக்கு மூன்றாவது. ஒரே கதவுக்குப் பின்னால் மூன்று அந்நியர் என்று கோப்பு சொல்லும். அப்படியானால் விவாகப் பத்திரம், பிறப்புப் பத்திரம், இரண்டுக்கும் முத்திரையோடு மொழிபெயர்ப்பு கேட்கவேண்டும் என்பது சட்டதிட்டம். சண்டைக்குள் ஓடிவந்த சனம் அதை எங்கே போய் எடுக்கும்? மற்ற அலுவலர்கள் கேட்டார்கள், வராவிட்டால் மறுத்தார்கள். நான் இருபத்திரண்டு வருடமும் ஒருவரிடமும் கேட்டதில்லை. பெயரைப் பார்ப்பேன், குடும்பம்தான் என்று தெரியும், கையெழுத்து வைப்பேன். யாருக்கும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

மூன்றாம் கிழமை ஆருக்கு அக்கா சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டினார். யார் எத்தனை தரம் பத்திரம் கேட்டார் என்பதற்கேற்ப, அலுவலர் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி. பெயர் போடக்கூடாது, தனிநபர் தகவல் சட்டம். இலக்கம் மட்டும். எல்லாப் புள்ளிகளும் சந்தைக் கூட்டம் போல நெருக்கியடித்து நிற்க, ஒன்று மட்டும் மூலையில் போய்த் தனியாக நின்றது. இலக்கம் பதினாலு.

என் இலக்கம் பதினாலு.

அன்றைக்கே கல்யாணப் பேனாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“அண்ணை, இந்தப் பதினாலு சுவாரசியமான ஆள்,” என்றார் அவர், தாளைப் பார்த்தபடி.

“எனக்கு... எனக்கு உதுகள் விளங்காது தங்கச்சி.”

“ஆரெண்டு எனக்குச் சொல்லாதேங்கோ. எனக்குத் தெரியக்கூடாது. பெயர்ப் பட்டியல் அலுமாரிக்குள்ள பூட்டிக் கிடக்கு. திறக்க மூண்டு கையெழுத்து வேணும். ஆள் தானா வந்தால்தான் கதைக்கலாம்.”

மூன்று பேர் கையெழுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அன்றிலிருந்து யாராவது பேனாவைத் திறந்தால் எனக்கு வேர்க்கத் தொடங்கியது.

இதற்கிடையில் அவர் எங்கு போனாலும் காலணி வாங்கிய ஒரு பழைய சப்பாத்துப் பெட்டியைக் காவிக்கொண்டு திரிவார். சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் வந்து உட்கார்ந்து, பெட்டியை மேசையில் வைத்துப் பெருமூச்சு விடுவார்.

“குகதாசன் வீட்டில திரும்பவும் குழாய் வெடிச்சிட்டுது அண்ணை.”

“ஐயோ. எத்தினையாம் தரம்?”

“நாலாம் தரம். வதனியின்ர தையல் மெசின், பிள்ளையின்ர புத்தகம், எல்லாம் போட்டுது. ஒண்டும் குடுக்கமாட்டினமாம்.”

அவர் கண்ணில் உண்மையான துக்கம். சொந்தக்காரராக இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். என் கழுத்துக்குக் கயிறு திரிக்கிறவரின் சொந்தக்காரருக்கு உதவினால் கயிறு கொஞ்சம் தளருமே. வீட்டில் அலுமாரியைக் கவிழ்த்து உடுப்புகளைக் கட்டினேன். மனைவி பார்த்துக்கொண்டே நின்றாள்.

“ஆருக்கு உந்த மூட்டை?”

“நீயும் தொடங்கிட்டியோ. குகதாசனுக்கு.”

“ஆர் அது?”

“என்ர வேலைக்கு உலை வைக்க வந்தவவின்ர சொந்தக்காரன்.”

“அவனுக்கு என்னத்துக்கு என்ர பெரிய பானை?”

“வெள்ளத்தில எல்லாம் போட்டுதாம்.”

“நீங்கள் என்ன கள்ளமே செய்தனீங்கள், இப்பிடி நடுங்க? அஞ்சு வருசமா ஒரே சப்பாத்தோட திரியிற கள்ளனை நான் கண்டதில்லை.”

அடுத்த நாள் இரண்டு மூட்டையும் ஒரு பானையுமாக அவருடைய அறைக்குள் போனேன். அவர் பானையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“குகதாசன் குடும்பத்துக்கு,” என்றேன்.

“அண்ணை, அவையள் இல்லை.”

பானையை மெல்லத் தரையில் வைத்தேன். “எப்ப நடந்தது?”

“நடக்கேல்லை. அவையள் பிறக்கவே இல்லை.”

பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே நூற்றுக்கணக்கில் சின்ன அட்டைகள். ஒவ்வொன்றிலும் கற்பனை செய்த ஒரு குடும்பம்: பெயர், முகவரி, என்ன உடைந்தது, என்ன களவு போனது. இயந்திரத்தைச் சோதிக்க அவரே பெற்றுப் போட்ட பிள்ளைகள். குகதாசன் நல்லையா, வதனி சிவக்கொழுந்து, ஆரணி குகதாசன். கணினியில் போட்டுக் காட்டினார். சிவப்பு. பிறகு பெயர்களை மட்டும் மாற்றி, மூவருக்கும் ஒரே ஜேர்மன் குடும்பப் பெயர் கொடுத்தார். அதே வீடு, அதே குழாய், அதே தண்ணீர். பச்சை.

“எனக்கு விசயம் தெரியும் அண்ணை. எங்கட வீட்டிலயும் அம்மாவுக்கு ஒரு பெயர், அப்பாவுக்கு ஒரு பெயர். ஆனால் எனக்குத் தெரியும் எண்டதை ஒருத்தரும் ஏற்கமாட்டினம். இவ்வளவு காலமும் பத்திரம் கேக்காமல் குடுத்து ஒரு பிழையும் வரேல்லை எண்டு அந்தப் பதினாலாம் ஆள் வந்து சொல்லவேணும்.”

“வராட்டி?”

“வாற மாசம் இயந்திரம் தனிய முடிவெடுக்கத் தொடங்கும். குகதாசன்மார் எல்லாரும் சிவப்பு.”

“வந்தால் அந்த ஆளின்ர வேலை போகுமோ?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். “போகலாம்,” என்றார்.

நான் பானையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மூட்டைகளை மறந்துபோனேன். இரண்டு இரவு சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு கவளத்திலும் இதுதான் சம்பளத்தில் வாங்கிய கடைசி அரிசி என்று தோன்றியது.

இறுதிக் கூட்டம் கண்ணாடி அறையில். மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். மூன்று பேரிடமும் பேனா இருந்தது. ஆருக்கு அக்கா அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நெட்டையர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இவர்கள் எல்லாரும் கற்பனை மனிதர்கள். உண்மையான ஒருவர் இதைச் சொல்வாரா?” என்றார்.

மேலிடத்தவர் ஒருவர் பேனாவைத் திறந்தார்.

“பதினாலு நான்தான்,” என்றேன்.

பதற்றத்தில் தமிழில் சொல்லிவிட்டேன். அந்த அறையில் ஒருவருக்குத்தான் விளங்கியது. நெட்டையர் அவர் பக்கம் திரும்பி, “என்ன சொல்கிறார்?” என்று கேட்டார். ஆருக்கு அக்கா என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கவில்லை. இருமல் என்று சொல்லிச் சமாளிக்க எனக்கு முழுதாக அரை நிமிடம் கொடுத்தார். வெளியே ஒரு டிராம் போய் முடிந்தது.

பிறகு ஜேர்மனில் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரம் கேட்காததை, கேட்காமல் கொடுத்த ஒன்றிலும் பிழை வராததை, அப்பாவின் பெயர் பின்னால் வருவதை. “என் மனைவிக்கும் எனக்கும் வேறு வேறு பெயர். உங்கள் இயந்திரத்தின்படி அவர் எனக்கு யாரோ. அப்படியென்றால் தினமும் காலையில் என்னைத் திட்டுவது யார்?” என்று கேட்டேன். மேலிடத்தில் ஒருவர் சிரித்தார். மற்ற இருவரும் எழுதினார்கள். எழுதியது என் பணிநீக்கக் கடிதம் என்றே நினைத்தேன்.

ஒன்பது நாள் கழித்துக் கடிதம் வந்தது. மனைவியைத் திறக்கச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் நின்றேன். தமிழ்ப் பெயர்கள் எப்படி அமைகின்றன என்று மற்ற அலுவலர்களுக்காக இரண்டு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். சிவப்பு விழுந்த கோப்பை மனிதர் ஒருவர் வாசிக்காமல் மறுக்கக்கூடாது என்றும் முடிவாகியிருந்தது. இந்தப் பெயர்களை இயந்திரத்துக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்கவேண்டியிருந்ததால் அது தொடங்குவது தள்ளிப்போனது. தள்ளிப்போனதில் மேலிடத்துக்குக் கோபம்.

என் வேலை போகவில்லை. ஆருக்கு அக்காவின் ஒப்பந்தத்தைத்தான் நீடிக்காமல் விட்டார்கள்.

கடைசி நாள் அவர் சப்பாத்துப் பெட்டியோடும் என் இரண்டு மூட்டைகளோடும் வந்து நின்றார். அடுத்த வேலை கார்ல்ஸ்ரூஹே நகரத்தில் கிடைக்கும்போல என்றார். என் மேசையில் கொடுக்க வேறொன்றும் இல்லாததால் கள்ளிச்செடியைக் கொடுத்தேன்.

“இது குத்துமே அண்ணை?”

“ஆருக்கு?” என்றேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பெட்டியைத் திறந்து குகதாசன் குடும்பத்தின் அட்டையை எடுத்து என் மேசையில் வைத்தார்.

“இவையளைப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் வாறன்.”

வாறன் என்றுதானே நாங்கள் போகும்போது சொல்வது. அவர் திரும்பி வரவில்லை. குகதாசன் வீட்டுக் குழாயை மாதத்தில் ஒருமுறை கணினியில் நான்தான் வெடிக்க வைக்கிறேன். நிறம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு, பச்சை என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் தேத்தண்ணீர் குடிக்கப் போகிறேன்.