தப்பான பக்கமாக நாலு சுற்று

பெரிங்கா,
நவம்பர் மாதம், புதன்கிழமை.

மில்டூராவில் வசிப்பவரும், என் மனைவியின் அண்ணனும், எந்தக் காலத்திலும் என் பேச்சை ஒப்புக்கொண்டறியாதவருமான திரு. கிளாரி ஹாட்ரல் அவர்களுக்கு மெர்வின் டக்வெல் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் தங்கள் தங்கை நோரீனும் சௌக்கியம். ஐந்து தடவை உடைந்த என் தோள்பட்டை எலும்பு, மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறது. தங்கள் முழங்காலுக்கும் என் விசாரிப்புகள். தாங்கள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒன்பது கிறிஸ்துமஸ் ஆகிறது. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அறுபத்தொன்பதாம் வருஷக் கோப்பைக்கான மண்தட மோட்டார் பைக் பந்தயத்தின் கடைசி வளைவில் நான் வெளியே விலகிப் போனதால்தான் தாங்கள் உள்பக்கமாக நுழைந்து ஜெயித்ததாகத் தாங்களும், நான் ஒரு விரற்கடை கூட விலகவில்லை, தாங்கள்தான் முன்சக்கரத்தால் இடித்தீர்கள் என்று நானும், தக்காளி சாஸ் பாட்டிலை என் பைக்காகவும் கடுகு ஜாடியைத் தங்கள் பைக்காகவும் வைத்து விளக்கிக்கொண்டிருந்தபோது, தாங்கள் பாட்டிலை 'இவ்வளவு தூரம் போனே' என்று மேசை விளிம்பு வரை தள்ளி, அது உருண்டு விழுந்து நோரீனின் வெள்ளை உடுப்பு பாழானதையும், புட்டிங்கைப் பாதியில் வைத்துவிட்டுத் தாங்கள் கார் ஏறிப் போனதையும் நான் அடியோடு மறந்துவிட்டேன்.

இந்தத் தாங்களும் நீங்களும் எனக்குக் கை வரவில்லை மச்சான். நீ என்றே எழுதுகிறேன். உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

நம் ஊரில் தானியக் கிடங்குக்கு எதிரே புதிதாக ஒரு ரவுண்டானா கட்டி, அதற்கு என் பேர் வைத்தார்கள். 'மெர்வின் டக்வெல் ரவுண்டானா' என்று பச்சைப் பலகை, நடுவில் பதினொரு ரோஜாச் செடிகள். போன சனிக்கிழமை திறப்பு விழா. மேயரம்மா நேரில் வந்து, "உங்க பழைய பைக்கிலேயே நீங்கதான் மொதல்ல சுத்தணும் மெர்வ்" என்று கேட்டுக்கொண்டார். எழுபத்தொன்பது வயதில் இதைவிட வேறு என்ன மரியாதை வேண்டும்? தோல் உடுப்பை எடுத்துப் போட்டேன். வயிற்றுப் பக்கம் மட்டும் பொத்தான் ஒத்துழைக்கவில்லை. நோரீன் வளைவில் தரையில் ஊன்றுகிற இரும்புச் செருப்பை என் இடது காலில் கட்டிவிட்டு, "ஏன்யா, ஒரே ஒரு சுத்து. சுத்திட்டு வந்து சாப்பிடணும். புரியுதா?" என்றாள். புரிகிறது என்றுதான் சொன்னேன்.

தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிட்டார்கள். எஞ்சினுக்கு ஊற்றும் அந்த விளக்கெண்ணெய்ப் புகை மூக்கில் ஏறியதுதான் தாமதம், மச்சான், எனக்கு இருபத்தொன்பது வயது. உனக்குத் தெரியும், நம் வண்டிக்குப் பிரேக் கிடையாது, கியர் ஒன்றே ஒன்று, வளைவு எல்லாம் இடது பக்கம். இருபத்திரண்டு வருஷம் நான் வலது பக்கம் திரும்பியது சம்பளம் வாங்கும் ஜன்னலுக்கு மட்டும்தான். இந்த நாட்டு ரவுண்டானாவோ கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றுகிறது. அது என் மூளைக்குத் தெரியும். காலுக்குத் தெரியாது. இரும்புச் செருப்பைத் தரையில் ஊன்றினேன், ஹேண்டில்பாரை வலது பக்கம் ஒடித்தேன், மண் தடத்து வழக்கப்படி வண்டி இடது பக்கமாக வழுக்கிக்கொண்டு போயிற்று. மேயரம்மா கை தட்டுவதைப் பாதியில் நிறுத்தியது தெரிந்தது. சரி, முதல் சுற்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பந்தயம் என்றால் நாலு சுற்று. மூன்றாவது சுற்றில் எதிரே, சட்டப்படி வரவேண்டிய பக்கமாக, நகரசபைக் குப்பை லாரி வந்தது. விழா நடப்பதை அதை ஓட்டிய ஆளிடம் யாரும் சொல்லவில்லை. அவன் ஜன்னல் வழியே, "யோவ் பெருசு, ரவுண்டானான்னா ஒரு பக்கமாத்தான்யா சுத்தணும்!" என்று கத்தினான். "அதையேதான்யா நானும் சொல்றேன்!" என்று கத்திவிட்டு, லாரியைச் சுற்றிக்கொண்டு நாலாவது சுற்றையும் முடித்துவிட்டுத்தான் ரோஜாச் செடிக்குள் போனேன். விழுந்தால் எஞ்சினை அணைக்கவென்று மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு இழுபட்டு எஞ்சின் தானாக நின்றது. பலகை சாய்ந்து என் மேல் விழுந்தது. என் பேருக்கு அடியில் நான் மல்லாந்து கிடந்ததைப் பார்த்து இரண்டு பெண்கள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். நோரீன் வந்து பலகையைத் தூக்கிப் பார்த்து, "எந்திரி. சாசேஜ் ஆறிப்போகுது" என்றாள்.

ஒரு கீறல் இல்லை. அடி எல்லாம் ரோஜாவுக்குத்தான். ஆனால் கவுன்சிலர் லெஸ்டர் பாம் எழுந்து நின்று, "ரவுண்டானாவைச் சுத்தத் தெரியாதவர் பேர்ல ரவுண்டானாவா? இவருக்கு ஞாபகம் தப்பிடுச்சுங்க" என்று சொல்லி, பேரை எடுத்துவிட்டு ஏதோ பூவின் பேர் வைக்கத் தீர்மானம் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. பலகை போனால் போகட்டும், ஞாபகம் தப்பியவன் என்கிற பேரோடு நான் ரொட்டிக் கடைக்குப் போக முடியாது. அதனால் நீ கவுன்சிலுக்கு இரண்டே வரி எழுத வேண்டும். இது மறதியல்ல, பழக்கம் என்று எழுது. உனக்குத்தான் தெரியும். நான் முதலாவதாக வந்ததைவிட நாலாவதாக வந்ததுதான் அதிகம். நாலு பேர் ஓட்டுகிற பந்தயத்தில் நாலாவதாக வருகிறவனுக்குப் புள்ளி பூஜ்யம். அப்படியும் ஒரு ராத்திரி கூட நான் வருத்தத்தோடு படுத்ததில்லை. முன்னால் போகிற மூன்று பேர் வாரியிறைத்த மண்ணைத் தின்றே வளர்ந்தவன் நான். அதில் முக்கால்வாசி உன் சக்கரத்து மண். திருப்தியாகத்தான் இருந்தேன், இருக்கிறேன்.

ஒரு விஷயம். கூட்டத்தில் உன் தொப்பி மாதிரி ஒன்றைப் பார்த்ததாக நோரீன் சொன்னாள். "அஞ்சு மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டு எனக்காக அவன் வருவானா? போடி" என்றேன். அவள் பாட்டுக்கு ஒரு தட்டில் லாமிங்டன் கேக் இரண்டு எடுத்து மூடி வைத்தாள். சாயங்காலம் நானே தின்றுவிட்டேன்.

உன் முழங்கால் மடங்கவும், உன் தக்காளிச் செடியில் புழு விழாமலிருக்கவும் வேண்டிக்கொண்டு, நோரீனின் அன்பையும் சேர்த்து அனுப்பும்,

உன் தங்கை புருஷன்,
மெர்வின் டக்வெல்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நம் ஊர் வாரப் பத்திரிகை வந்தது. மேலே எழுதியது எதையும் நீ செய்ய வேண்டாம். ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில் 'வேலியோரம் நின்றவன்' என்று ஒரு ஆள் எழுதியிருக்கிறார். நோரீன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள். டக்வெல்லுக்கு ஞாபகம் தப்பவில்லையாம், இருபத்திரண்டு வருஷம் எப்படி ஓட்டினாரோ அச்சு அசலாக அப்படியே ஓட்டினாராம், அவர் பேரை எடுத்தால் அந்த ரவுண்டானாவே வீணாம். அதைப் படித்துவிட்டு லெஸ்டர் பாம் தீர்மானத்தை வாபஸ் வாங்கிவிட்டதாக மேயரம்மா இப்போதுதான் போன் பண்ணினார். எல்லாம் சரி. கடைசி வரியைப் பார்: 'ஆனால் நாலாவது சுற்றில் வழக்கம்போல வெளியே விலகிப் போனார்.'

இதை எழுத இந்த உலகத்தில் ஒரே ஆள்தான் உண்டு. வந்தவன் ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போனால் என்னடா? அந்த லாமிங்டன் இரண்டும் உனக்கு வைத்ததுதான், நான் தின்றுவிட்டேன். கிறிஸ்துமஸ் அன்று மதியம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. நோரீன் சாஸ் கறை தெரியாத கறுப்பு உடுப்பு எடுத்து வைத்துவிட்டாள். சாஸ் பாட்டிலும் கடுகு ஜாடியும் மேசையில் இருக்கும். இந்தத் தடவை பாட்டிலையும் நீயே ஓட்டு. எவ்வளவு வெளியே வேண்டுமானாலும் கொண்டுபோ மச்சான், கீழே மட்டும் தள்ளிவிடாதே.